மூடியின் உள்பக்கம்

ஒன்பது வருடமாக இந்த ஊர் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறது. "இன்னும் முடிக்கலையா?" கல்யாண வீட்டில் பிரியாணிப் பந்தியில் பக்கத்தில் உட்காரும் மாமி கேட்பார். கல்லூரியில் போன மாதம் வேலைக்குச் சேர்ந்த பெண் கேட்பாள். முல்லா வீதியில் எங்கள் எதிர்வீட்டில் பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவர் ஆராய்ச்சிக் கட்டுரைக்கு இன்னும் பிரெஞ்சு வார்த்தைதான் சொல்வார். "உன் தேஸ் என்னம்மா ஆச்சு?" அவர் கேட்டால் மட்டும் எனக்கு எரிச்சல் வராது. எதைப் பற்றி எழுதுகிறேன் என்று கேட்ட ஒரே ஆள் அவர்தான்.

அவரிடம் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். எவர்சில்வர் டம்ளர் கீழே விழுந்தால் நசுங்கும், பீங்கான் கோப்பை விழுந்தால் உடையும். உலோகத்துக்குள் அணு அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி நகர இடம் கொடுக்கும். பீங்கான் போன்ற ஆக்சைடு படிகங்கள் இடம் கொடுக்காது, வீம்பு பிடித்து வெடிக்கும். ஆனால் ஸ்ட்ரான்ஷியம் டைட்டனேட் என்று ஒரு படிகம் இருக்கிறது. அதை மெதுவாக, நேராக அழுத்தினால், சாதாரண அறை வெப்பத்திலேயே கொஞ்சம் வளைந்து கொடுக்கும். எவ்வளவு வளையும், எப்போது வெடிக்கும் என்பது அதற்குள் எந்தத் தனிமம் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஸ்ட்ரான்ஷியம் துளி குறைந்தால் ஒரு மாதிரி, டைட்டானியம் துளி கூடினால் ஒரு மாதிரி. அந்தத் துளிக் கணக்குதான் என் ஆராய்ச்சி.

பெரியவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ உடையாத கோப்பை செய்யப் போற," என்றார்.

"இல்லைங்க. ஏன் உடையுதுன்னு பாக்குறேன்."

"அதுக்கா ஒன்பது வருஷம்?"

பதினாறு வருடமாகக் கௌரவ விரிவுரையாளர் என்ற பெயரில் ஒரு கல்லூரியில் இயற்பியல் பாடம் எடுக்கிறேன். அந்த வார்த்தையில் இருக்கும் கௌரவத்தை யாராவது என் கண்ணில் காட்டினால் நன்றாக இருக்கும். முனைவர் பட்டம் இல்லாமல் நிரந்தர வேலைக்கு விண்ணப்பிக்கவே முடியாது. விண்ணப்பிக்கும் வயதும் தாண்டிக்கொண்டிருந்தது. பகுதிநேர ஆராய்ச்சிக்குக் கொடுத்த காலக்கெடு முடிந்து, நீட்டிப்பு முடிந்து, கடைசி நீட்டிப்பும் வந்தாயிற்று. போன ஜனவரி கடைசிக்குள் கட்டுரையைச் சமர்ப்பிக்காவிட்டால் பதிவே ரத்து, ஒன்பது வருடமும் கடலில் கரைத்த பெருங்காயம். அந்த மூன்று மாதக் கதைதான் இது.

படிகத்தின் கலவையை மாற்ற நான் கையாண்ட வழி எளிமையானது. சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிய படிகத் துண்டை, மூடி போட்ட வெள்ளைக் கிண்ணம் ஒன்றில் வைப்பேன். அந்தக் கிண்ணத்துக்கு குரூசிபிள் என்று பெயர், அலுமினாவால் செய்தது. துண்டைச் சுற்றி நான் அளந்து கலந்த தூளைப் போடுவேன். பிறகு ஆயிரத்து முன்னூறு டிகிரியில் பத்து மணி நேரம். தூளில் இருப்பது படிகத்துக்குள் கொஞ்சம் நுழையும், படிகத்தில் இருப்பது கொஞ்சம் வெளியேறும். அப்புறம் அந்தத் துண்டைக் கொண்டுபோய் மெஷினில் வைத்து அழுத்திப் பார்க்க வேண்டும். ஒரு தடவை அழுத்திய துண்டை மறுபடி அழுத்த முடியாது. என்னிடம் மொத்தம் எட்டுத் துண்டுகள் இருந்தன. அவற்றை வெளிநாட்டிலிருந்து வரவழைக்க என் கைடு, அதாவது வழிகாட்டிப் பேராசிரியர், எத்தனை படிவம் நிரப்பினார் என்பது அவருக்கும் எனக்கும்தான் தெரியும்.

அவ்வளவு சூடு ஏறும் உலை எங்கள் கல்லூரியில் இல்லை. ஊருக்கு வெளியே மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு சின்னப் பட்டறை, தறி மெஷின்களில் நூல் உராயாமல் ஓடுவதற்கான பீங்கான் வளையங்கள் செய்கிறார்கள். என் கைடுக்குத் தெரிந்தவர்கள். உலை காலியாக இருக்கும் நாளில் பயன்படுத்திக்கொள்ளச் சொன்னார்கள். வகுப்பு முடிந்ததும் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு, லாரிகளுக்கு நடுவே புழுதி தின்றுகொண்டு போவேன். பட்டறை வாசலுக்குப் போகும்போதே பாதி உயிர் போயிருக்கும்.

அங்கே உலையைப் பார்த்துக்கொள்பவர் சேதராப்பட்டுப் பக்கம் விவசாயக் குடும்பத்துக்காரர். என் வயதுதான் இருக்கும். காலையில் மாட்டைக் கறந்துவிட்டு, சைக்கிளில் வந்து உலையை ஏற்றுவார். நான் அவரை அண்ணா என்பேன், அவர் என்னை மேடம் என்பார். நான்கு வருடப் பழக்கத்தில் அதற்குமேல் எதுவும் இல்லை. ஆனால் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ஆயுத பூஜைக்கு மறுநாள் நான் போனால் பொரியும் கடலையும் தனிப் பொட்டலமாகக் கட்டி வைத்திருப்பார். "சாமிக்கு வெக்கிறதுக்கு முன்னாடியே எடுத்துட்டேன் மேடம், நீங்க சாப்புடலாம்," என்பார். படைத்ததை எங்கள் வீட்டில் சாப்பிட மாட்டோம் என்று யார் சொன்னார்களோ தெரியாது. நான் சொல்லவில்லை.

அப்படிப்பட்ட மனிதரை ஒரு தடவை நான் திட்டித் தீர்த்திருக்கிறேன். இரண்டு வருடம் முன்பு, என் படிகத் துண்டை வெறும் விரலால் எடுத்து வெளிச்சத்தில் வைத்து அழகு பார்த்துக்கொண்டிருந்தார். "கையில வேர்வை இருக்கு, வேர்வைல உப்பு இருக்கு, என் உயிரை வாங்குறதுக்குன்னே இருக்கீங்களா?" என்று பட்டறையே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். அன்றிலிருந்து அவர், அங்கே எனக்கென்று விட்டிருந்த மேஜையைத் தொடுவதற்கு முன்பே இரண்டு தடவை கை கழுவுவார். நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். நாளைக்கு நாளைக்கு என்று விட்டுவிட்டேன்.

முதல் மூன்று துண்டுகளும் வெடித்தன. அழுத்தும் மெஷின் ஊருக்குள் ஒரு பாலிடெக்னிக்கில் இருக்கிறது. மெஷின் திரையில் கோடு நேராக ஏறிக்கொண்டே போகும், டப் என்று ஒரு சத்தம், கோடு செங்குத்தாக விழும். மூன்று கலவை, மூன்று டப். நான்காவது துண்டைப் போன அக்டோபரில் உலையில் வைத்தேன். ஆயுத பூஜை விடுமுறை முடிந்து வந்து, தூளை நிரப்பி, மூடி போட்டு ஏற்றினேன். கலவையில் டைட்டானியம் துளி கூடுதல். பெரிய நம்பிக்கை ஒன்றும் இல்லை.

அந்தத் துண்டு வெடிக்கவில்லை. கோடு ஏறியது, ஒரு இடத்தில் தயங்கியது, அப்படியே படுத்துக்கொண்டு நகர ஆரம்பித்தது. அழுத்த அழுத்தப் படிகம் குட்டையாகிக்கொண்டே வந்தது. வெளியே எடுத்துப் பார்த்தேன். ஒரு பக்கமாகச் சாய்ந்து, இடுப்பு கொஞ்சம் பருத்து, முழுசாக இருந்தது. மெஷின் அறையில் தனியாக நின்றுகொண்டு, யா அல்லாஹ், யா அல்லாஹ் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். கல் வளைந்துவிட்டது! ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக, யார் கேட்டாலும் "முடிஞ்சிடும்" என்று சொல்லலாம் போலிருந்தது.

என் கைடு அடுத்த வருடம் ஓய்வு பெறப் போகிறவர். எதைக் கேட்டாலும் பெருமூச்சு விடுவார். அவரே நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இதுதான்மா உன் கட்டுரை. டைட்டானியம் கூடினா வளையும். இன்னும் ரெண்டு துண்டுல இதையே காட்டிடு, எழுதி முடிச்சிடலாம்."

அதே தூள், அதே சூடு, அதே பத்து மணி நேரம். ஐந்தாவது துண்டு டப். ஆறாவது டப். நவம்பர் போய் டிசம்பர் பாதி வந்துவிட்டது. அந்த நாட்களில் நான் நானாக இல்லை. வகுப்பில் ஒரு மாணவி சந்தேகம் கேட்டதற்கு எரிந்து விழுந்தேன். வீட்டில் குழம்பில் உப்புப் போட்டேனா என்று எனக்கே தெரியாது. வீட்டுக்காரர், "விட்டுத்தொலையேன், பட்டம் இல்லாம சோறு இறங்கலையா?" என்றார். அவர் நல்லதற்குத்தான் சொன்னார். ஆனால் தட்டை அங்கேயே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டேன்.

வளைந்த துண்டின் ஓரத்திலிருந்து ஒரு சீவலும் வெடித்தவற்றின் சில்லுகளும் எடுத்து, அவற்றில் என்னென்ன தனிமம் இருக்கிறது என்று பகுப்பாய்வுக்கு அனுப்பினோம். ஜனவரி முதல் வாரம் தாள் வந்தது. வளைந்த துண்டில் ஸ்ட்ரான்ஷியம் இருந்தது, டைட்டானியம் இருந்தது. அவற்றின் கீழே, நான் எங்கேயும் போடாத மூன்று பேர்: கால்சியம், பொட்டாசியம், பாஸ்பரஸ். அழையாத விருந்தாளிகள். வெடித்த துண்டுகளில் மூன்றும் இல்லை. வளைந்ததில் மட்டும் இருந்தன. வளைய வைத்தது என் டைட்டானியம் இல்லை என்பது அந்தத் தாளிலேயே தெரிந்துவிட்டது. எங்கிருந்தோ ஒரு அழுக்கு வந்திருக்கிறது. என் கிண்ணத்தில் எப்படி அழுக்கு வரும்? ஒவ்வொரு தடவையும் அமிலத்தில் கழுவி, வெறுமனே சூடாக்கி எடுத்து, கண்ணாடித் தட்டில் கவிழ்த்து வைத்து, பாலிதீன் போட்டு மூடிவிட்டுத்தான் கிளம்புவேன்.

அன்று மத்தியானம் விடுப்புச் சொல்லிவிட்டு மேட்டுப்பாளையம் போனேன். பட்டறையில் சாப்பாட்டு நேரம். அவர் தூக்குச்சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"அண்ணா, பூஜை சமயத்துல என் கிண்ணத்துல யாராவது கை வெச்சாங்களா?"

அவர் கழுவிய சட்டியையே மறுபடி கழுவினார். பிறகு ஈரக்கையோடு வந்து எதிரே நின்றார்.

"ஒண்ணு சொன்னா கோச்சிக்கக் கூடாது மேடம்."

"சொல்லுங்க."

"பூஜை அன்னிக்கு எல்லாத்துக்கும் துன்னூறு பூசி, குங்குமம் வெச்சோம். ஃபர்னஸ்ஸு, தராசு, ட்ராலி, தொடப்பம் மொதக்கொண்டு. உங்க சாமான் மட்டும் அநாதையா இருந்துச்சு. மனசு கேக்கல. கைய நல்லா கழுவிட்டுத்தான் தொட்டேன். கிண்ணத்துக்குப் பக்கத்துல இருந்த மூடில மூணு விரலால இழுத்து, நடுவுல ஒரு பொட்டு வெச்சேன். வெச்சதுக்கு அப்புறம்தான் உறச்சிது. நீங்க பாய் வூட்டு அம்மா, தப்பா எடுத்துக்குவீங்களோன்னு உடனே ஈரத்துணியால தொடச்சிட்டேன். சுத்தமா போயிடுச்சு மேடம், செவப்பே இல்ல."

சிவப்புப் போயிருக்கும். வெள்ளை மூடியில் திருநீற்றின் வெள்ளைச் சாம்பல் போனதா இல்லையா என்று யார் கண்டது? அப்போதுதான் எனக்கும் உறைத்தது. தூசி விழக் கூடாது என்று கிண்ணத்தைக் கவிழ்த்து வைப்பேன். மூடியை மட்டும் மல்லாக்க வைப்பேன், கண்ணாடித் தட்டில் அதன் உள்பக்கம் உரசக் கூடாது என்று. பாலிதீனை எடுத்ததும் மேலே தெரிந்தது மூடியின் உள்பக்கம். அவர் பூசியது அங்கே. நான் அதை அப்படியே திருப்பிக் கிண்ணத்தின்மேல் போட்டு ஆயிரத்து முன்னூறு டிகிரிக்கு ஏற்றியிருக்கிறேன். சாணத்தைச் சுட்ட சாம்பலில் கால்சியம், பொட்டாசியம், பாஸ்பரஸ் எல்லாம் இருக்கும் என்று முதலாமாண்டு மாணவிக்குக்கூடத் தெரியும்.

கத்தப் போகிறேன் என்று நினைத்துத்தான் அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். கத்தத் தெம்பில்லை. அங்கிருந்த வளையப் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டேன். பூசினாரே என்று கோபம் வரவில்லை. ஒன்பது வருடத்தில் நான் பார்த்துப் பார்த்துச் சுத்தமாகச் செய்த எதுவும் வளையவில்லை, வளைந்தது அவர் பூசியது ஒன்றுதான். அந்த வயிற்றெரிச்சலை யாரிடம் சொல்வது? அவர் எனக்கு டீ வாங்கிவர ஓடினார்.

கைடிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றிவைத்துக் கண்ணைத் தேய்த்துக்கொண்டார்.

"இருபத்தஞ்சு நாள் இருக்கும்மா. அந்தத் தாளைப் பின்னிணைப்புலகூட வைக்காதே. நாம பகுப்பாய்வுக்கு அனுப்பாம இருந்திருந்தா தெரிஞ்சிருக்காது இல்ல? தெரியாத மாதிரியே எழுதிடு. டைட்டானியம் கூடுதல், வளைஞ்சது. அவ்வளவுதான். ஒரு துண்டுன்னாலும் துண்டுதான்."

அவர் கெட்டவர் இல்லை. களைத்துப்போனவர், என்னைப்போல. வீட்டுக்கு வந்து அந்த அத்தியாயத்தை அவர் சொன்னபடியே தட்டச்சு செய்தேன். முழுவதும் செய்தேன் என்பதை மறைக்க மாட்டேன். நன்றாகவே வந்திருந்தது. முடிவுரை வரை போய்விட்டு, நாளைக்கு யாராவது இதைப் படிப்பார்கள் என்று நினைத்துப் பார்த்தேன். என்னைப்போலவே எட்டுத் துண்டை வைத்துக்கொண்டு, காலக்கெடுவை வைத்துக்கொண்டு, இன்னொரு ஊரில் ஒருத்தி. நான் எழுதியதை நம்பி டைட்டானியத்தைக் கூட்டுவாள். டப். இன்னும் கூட்டுவாள். டப். தன் கையில்தான் கோளாறு என்று நினைத்து அழுவாள். நேர்மை அது இது என்று பெரிய வார்த்தையெல்லாம் வேண்டாம். அந்த டப் சத்தத்தை இன்னொருத்தி தலையில் கட்ட எனக்கு மனசு வரவில்லை. முடிவுரையை அழித்தேன்.

என்னிடம் இரண்டு துண்டுகள் மிச்சம். மறுநாள் மேட்டுப்பாளையம் போய், "அண்ணா, அன்னிக்கு எப்படிப் பூசினீங்களோ அப்படியே இன்னொரு தடவை பூசணும்," என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நெஜமாவா மேடம்?"

"நிஜமாதான். மூடியோட உள்பக்கம்."

ஒரு நாள் தவணை கேட்டார். அடுத்த நாள் புது பாக்கெட் ஒன்றைப் பிரித்து, மூன்று விரலால் இழுத்தார், பொட்டு வைத்தார், ஈரத்துணியால் துடைத்தார். எத்தனை தடவை துடைத்தார் என்றுகூட நோட்டில் எழுதிக்கொண்டேன். பட்டறையில் இருந்த மற்றவர்கள் வேலையை விட்டுவிட்டு எங்களை வேடிக்கை பார்த்தார்கள். தலையில் முக்காடு போட்ட ஒரு பொம்பளை நோட்டும் பேனாவுமாக விபூதி பூசுவதைக் கணக்கெடுத்தால் யார்தான் பார்க்க மாட்டார்கள்? ஏழாவது துண்டு தயாராயிற்று. பாலிடெக்னிக் போனேன். டப்.

திரும்பி வந்து சொன்னபோது அவர் முகம் சுருங்கிவிட்டது. கையைப் பிசைந்தார். "மேடம், அது கடையில வாங்கினது. உங்க வேலைக்கு நல்லதா இருக்கட்டும்னு, ஜவ்வாது வாசன போட்டதா பாத்து வாங்கினேன். பூஜை அன்னிக்கு வெச்சது இதில்ல. அது எங்க வூட்ல எரிச்சது."

"அண்ணா!" என்றேன். பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தேன், என்ன கலந்தது என்று எழுதியே இல்லை. சாணச் சாம்பலா, வெறும் சுண்ணாம்புத் தூளா, அந்த ஜவ்வாதுக்குத்தான் வெளிச்சம். கலவை மாறினால் நடத்தை மாறும் என்று ஒன்பது வருடமாகப் படிப்பவள் நான். எந்தத் திருநீறு என்று கேட்கத் தோன்றவில்லை பாருங்கள். இது அவர் தப்பில்லை, என் தப்பு.

வீட்டில் எரித்தது தீர்ந்துபோயிருந்தது. சிவராத்திரிக்குத்தான் புதிதாக எரிப்பார்களாம், அது என் காலக்கெடு முடிந்த பிறகு வரும். இரண்டு நாள் கழித்து அவரே போன் செய்தார். மகளுக்குக் காய்ச்சல் வந்தால் பூசுவதற்கென்று அவர் மனைவி ஒரு மாத்திரை டப்பாவில் எடுத்துவைத்திருந்தாராம். அதைக் கேட்டு வாங்கிவந்திருந்தார். சிட்டிகை அளவுதான். மூன்று கோடு இழுத்ததும் டப்பா காலி. எட்டாவது துண்டு, கடைசித் துண்டு. அதுவும் வெடித்திருந்தால் இதை எழுதும் தெம்பு எனக்கு இருந்திருக்காது.

வெடிக்கவில்லை. நான்காவது துண்டு அளவுக்கு இல்லை, கோடு முக்கால்வாசி தூரம் படுத்து நகர்ந்த பிறகுதான் துண்டு ஒரு விரிசல் விட்டது. ஆனால் வளைந்தது. எனக்குச் சந்தோஷப்படக்கூடத் தெரியவில்லை. மெஷினை அணைத்துவிட்டு, ஸ்கூட்டியில் உட்கார்ந்து, சாவியைப் போடாமல் கொஞ்ச நேரம் அழுதேன். பாலிடெக்னிக் காவலாளி வந்து, "பெட்ரோல் இல்லீங்களாம்மா?" என்று கேட்டார்.

அத்தியாயத்தைத் திரும்ப எழுதினேன். வளையவைத்தது கால்சியமா, பொட்டாசியமா, இல்லை இவை சேர்ந்து படிகத்தின் மேல்தோலில் இருந்த கீறல்களை மூடி வெடிப்பு ஆரம்பிக்காமல் தடுத்தனவா, எனக்குத் தெரியாது, தெரியாது என்றே எழுதினேன். மூலப்பொருள் அட்டவணையில், தொண்ணூற்றொன்பது சொச்சம் சதவீதத் தூய்மை என்று பெருமையாக நிற்கும் ரசாயனங்களுக்குக் கீழே ஒரு வரி சேர்த்தேன்: திருநீறு, வீட்டில் எரித்தது, தூய்மை தெரியாது.

கைடு அந்தப் பக்கத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "சிரிப்பாங்கம்மா."

"சிரிக்கட்டும் சார். உண்மையில சிரிக்கிற மாதிரிதானே நடந்துச்சு?"

பெருமூச்சு விட்டார். மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டார். கெடு முடிய ஒரு நாள் இருக்கும்போது சமர்ப்பித்தேன்.

ஜூனில் தேர்வாளர்களின் அறிக்கைகள் வந்தன. ஒருவர் நாலு வரியில் திருப்தி என்று எழுதிவிட்டார். இன்னொருவர் இரண்டு பக்கம் எழுதியிருந்தார். சிரிக்கவில்லை, அது ஒரு ஆறுதல். மிகவும் சுவாரசியமான கவனிப்பு என்றார். ஆகவே, அதே சாம்பலைக் கொண்டு மேலும் மூன்று துண்டுகளில் நிரூபிக்க வேண்டும், சாம்பலின் கலவையைத் தர வேண்டும், முக்கியமாக முன்பு பயன்படுத்திய சாம்பலும் இப்போது பயன்படுத்துவதும் ஒன்றே என்பதற்கு ஆதாரம் காட்ட வேண்டும், அதற்கு ஆறு மாதம் அவகாசம், அதுவரை பட்டம் நிறுத்திவைக்கப்படுகிறது. படித்துவிட்டு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்துக் கிடந்தேன். துண்டுகளுக்குக் கைடு மறுபடி படிவம் நிரப்புவார், அதே சாம்பல் எங்கே இருக்கிறது? மாத்திரை டப்பாவோடு தீர்ந்துபோயிற்று. எதிர்வீட்டுப் பெரியவர் வாசலிலிருந்து, "தேஸ் முடிஞ்சுதாம்மா?" என்று குரல் கொடுத்தார்.

இரண்டு நாள் கழித்து மேட்டுப்பாளையம் போனேன். பட்டம் இன்னும் வரவில்லை என்று அவரிடம் நேரில் சொல்லிவிடலாம் என்றுதான். போனில் இரண்டு முறை கேட்டுவிட்டார், இனிப்பு எப்போது என்று. உலைக்குப் பக்கத்தில் நின்று, தேர்வாளர் எழுதியதை அவருக்குப் புரிகிற மாதிரி சொன்னேன். கேட்டுவிட்டு அவர் போய், தன் அலமாரியிலிருந்து ஒரு பெரிய ஊறுகாய் ஜாடியை எடுத்துவந்து என் மேஜையில் வைத்தார். மேஜையைத் தொடுவதற்கு முன் இரண்டு தடவை கை கழுவினார். ஜாடி நிறையச் சாம்பல், வெள்ளைத் துணியில் சலித்தது.

"சிவராத்திரிக்கு எரிச்சோம் மேடம். உங்களுக்குன்னு தனியா எடுத்து வெச்சிருந்தேன். எதுக்கும் இருக்கட்டும்னு எம் பொண்டாட்டிதான் சொன்னா."

அந்த ஜாடியில் இருந்தது நூறு ஆராய்ச்சிக்குக் காணும். இரண்டு வருடத்துக்கு முன்பு கத்தியதற்கு மன்னிச்சிடுங்கண்ணா என்று அப்போதுதான் சொன்னேன். அவர் எதற்கு என்பதுபோலப் பார்த்துவிட்டு, "அதெல்லாம் உடுங்க மேடம்," என்றார். ஆனாலும் உண்மையைச் சொல்ல வேண்டுமே. போன வருடத்துச் சாம்பலும் இதுவும் ஒன்றாக இருக்காது, தீவனம் மாறியிருக்கும், எரிக்கப் போட்ட உமி மாறியிருக்கும், எல்லாம் ஒன்றுதான் என்று தேர்வாளர்கள் எப்படி நம்புவார்கள், அதற்கு என்ன ஆதாரம் காட்டுவது என்று அலுப்போடு சொல்லிக்கொண்டே போனேன்.

அவர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு யோசித்தார். எனக்கு உதவ வேண்டும் என்ற கவலை அவர் முகம் முழுக்க இருந்தது.

"அதே மாடுதான் மேடம்," என்றார்.

நோட்டைத் திறந்தேன். மூலப்பொருளின் ஆதாரம் என்ற இடத்தில் அதை அப்படியே எழுதிக்கொண்டேன். பிறகு மூடியைத் திருப்பி, உள்பக்கத்தை அவரிடம் நீட்டினேன்.